ஹீத்ரோவில் இறங்கி உங்கள் டிரைவரைச் சந்திப்பது வரை: தனியாக லண்டன் வருபவர்களுக்கும் அவர்களை அழைப்பவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

என் அம்மா முதல்முறை தனியாக லண்டன் வந்தபோது இமிகிரேஷன் அதிகாரியின் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னார். இரண்டு பெரிய பெட்டிகளையும் பெல்ட்டிலிருந்து தாமே இறக்கி டிராலியில் வைத்தார். அதன்பிறகு வெளிக்கதவைத் தாண்டி வந்து, நாற்பது நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். டிரைவர் பெயர்ப் பலகையோடு அவருக்குப் பதினைந்து அடி தூரத்தில்தான் நின்றிருக்கிறார். அந்தப் பலகையில் இருந்தது என் தாத்தாவின் பெயர்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவருடைய அப்பாவின் பெயர் இருக்கிறது. கார் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே நான் நிரப்பினேன். நிறுவனம் குடும்பப் பெயரை மட்டும் பலகையில் போட்டு அனுப்பியது. நம் ஊரில் பிறந்த யாரும் தம் அப்பாவின் பெயரைத் தம் பெயராக ஒரு பலகையில் தேடமாட்டார்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த பல உறவினர்களுக்கு நான் கார் ஏற்பாடு செய்திருக்கிறேன். அதில் புரிந்துகொண்டது ஒன்றுதான். விமான நிலையத்துக்குள் எல்லா இடத்திலும் அம்புக்குறி வழிகாட்டும், வரிசை உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், கேட்டால் சொல்ல ஊழியர்கள் இருப்பார்கள். கடைசிக் கதவுக்கும் காருக்கும் இடையிலுள்ள சிறிய தூரத்தில்தான் எதுவும் இல்லை. அந்தத் தூரத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே ஊரில் உட்கார்ந்து தீர்மானித்துவிட வேண்டும்.

முதலில் டெர்மினல் எண்

ஹீத்ரோ என்பது ஒரே கட்டடம் அல்ல. 2, 3, 4, 5 என்று நான்கு டெர்மினல்கள் இயங்குகின்றன. ஒன்றாம் எண் 2015-இல் மூடப்பட்டுவிட்டது. 2-உம் 3-உம் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சுரங்க நடைபாதை வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். 4 தெற்கே, 5 மேற்கே தனித்தனியாக இருக்கின்றன. அவற்றுக்கு நடந்து போக முடியாது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் 8.39 கோடிப் பேர் வந்துபோன இடம் இது. "ஏர்போர்ட் வாசலில் நிற்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதில் எந்தத் தகவலும் இல்லை.

கொழும்பிலிருந்து நேரடியாக வரும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும், துபாய் வழியாக வரும் எமிரேட்ஸும் டெர்மினல் 3-இல் இறங்குகின்றன. தோஹா வழி கத்தார் ஏர்வேஸுக்கும் அபுதாபி வழி எத்திஹாத்துக்கும் டெர்மினல் 4. சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 2. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5-ஐயும் 3-ஐயும் பயன்படுத்துகிறது. ஆகவே அந்த நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விமான நிறுவனங்கள் டெர்மினல் மாறுவதும் உண்டு. டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். புறப்படும் நாளன்று விமான நிலைய இணையதளத்தில் விமான எண்ணைப் போட்டு மறுபடியும் பாருங்கள்.

கார் பதிவு செய்யும்போது

விமான எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். இறங்கும் நேரத்தை மட்டும் கொடுப்பது போதாது. ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுபாதைகள். நெரிசலான நேரத்தில் வரும் விமானங்கள் லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில் வானத்தில் வட்டமிட்டுக் காத்திருந்துதான் இறங்குகின்றன. எதிர்க்காற்று குறைந்தால் அரை மணி முன்னதாகவும் வந்துவிடும். எண் தெரிந்தால் டிரைவர் விமானத்தையே பின்தொடர்ந்து அதற்கேற்பப் புறப்படுவார். இணைப்பு விமானம் என்றால், சென்னையிலிருந்து துபாய் வரும் விமானத்தின் எண் அல்ல, துபாயிலிருந்து லண்டன் வரும் விமானத்தின் எண்ணைக் கொடுக்க வேண்டும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது தேதி. நள்ளிரவுக்குச் சற்று முன்பு கிளம்பும் விமானம் மறுநாள் இறங்கும். டிக்கெட்டில் முதலில் கண்ணில் படும் தேதியைக் கொடுத்துவிட்டால் கார் ஒரு நாள் முன்னதாக வந்து நின்றுவிட்டுப் போய்விடும், பணமும் போய்விடும். நேரம் எப்போதும் லண்டன் நேரம். இந்தியாவும் இலங்கையும் குளிர்காலத்தில் லண்டனைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன, கோடையில் நாலரை மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இங்கே கடிகாரம் மாறும்; அந்த வாரங்களில் வருபவர்கள் இரண்டு முறை கணக்குப் பாருங்கள்.

பெயருக்கு வருகிறேன். பலகையில் என்ன எழுத வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். குறிப்பு எழுதும் கட்டத்தில், "பலகையில் இந்தப் பெயரை மட்டும் எழுதவும்" என்று வருபவர் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரை, அவர் எப்போதும் எழுதும் ஆங்கில எழுத்துகளிலேயே கொடுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதலாம். ஒருவர் 'சிவக்குமார்' என்று இரண்டு 'கே' போட்டு எழுதுவார், இன்னொருவர் ஒரு 'கே'. ஒரே விமானத்தில் மூன்று சிவக்குமார்கள் வருவதும் புதிதல்ல. அதனால் பெயரோடு இனிஷியலையோ, சேரும் பகுதியின் பெயரையோ சேர்க்கச் சொல்லுங்கள். 'லலிதா, ஹாரோ' என்று பலகையில் இருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெரியவர் வருகிறார் என்றால், பலகையில் வரப்போகும் அதே எழுத்துகளைப் பெரிதாக ஒரு தாளில் எழுதி முன்பே கொடுத்துவிடுங்கள். எழுத்துகளைப் படமாக ஒப்பிட்டுப் பார்க்க யாராலும் முடியும்.

பெட்டிகளின் எண்ணிக்கையை உண்மையாகச் சொல்லுங்கள். இருபத்துமூன்று கிலோ பெட்டி நான்கு வந்தால் சாதாரணக் காரின் பின்பக்கத்தில் அடங்காது. குழந்தை இருந்தால் குழந்தை இருக்கை கேளுங்கள். இங்கே 12 வயது ஆகும்வரை அல்லது 135 செ.மீ. உயரம் வரும்வரை உரிய இருக்கை வேண்டும் என்பது சட்டம். டாக்ஸியில் அந்த இருக்கை இல்லையென்றால் குழந்தை பின்னிருக்கையில் பயணம் செய்யலாம் என்று விலக்கு உண்டு. ஆனாலும் வேகச் சாலையில் ஒரு மணி நேரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வருவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இரண்டு விதமான சந்திப்பு உண்டு. பலகையோடு டிரைவர் கதவருகே வந்து நிற்பது ஒன்று. நீங்கள் போன் செய்த பிறகு கார் நிறுத்துமிடத்துக்கு வருவது இன்னொன்று. இது கொஞ்சம் மலிவு. தனியாக முதல்முறை வருபவருக்கும் பெரியவர்களுக்கும் முதலாவதையே எடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இலவசக் காத்திருப்பு எவ்வளவு நேரம், அது விமானம் தரையைத் தொட்ட நொடியிலிருந்தா, பதிவு செய்த நேரத்திலிருந்தா என்றும் கேட்டுவையுங்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் வருபவர் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதனால் நான் எப்போதும் விமானம் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து டிரைவர் கதவருகே இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

கைப்பையில் ஒரு தாள்

கைபேசி தீர்ந்துபோகும், சிம் வேலை செய்யாது, கண்ணாடி பெட்டிக்குள் இருக்கும். தாள் அப்படி அல்ல. ஒரே தாளில் பெரிய எழுத்தில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: டெர்மினல் எண், கார் நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும், அவர்களின் 24 மணி நேரத் தொலைபேசி, லண்டனில் உள்ள இருவரின் எண்கள், சேர வேண்டிய வீட்டின் முழு முகவரி. முகவரியில் அஞ்சல் குறியீடு விட்டுப்போகக் கூடாது. இங்கே ஒரு குறியீடு சில வீடுகளை மட்டுமே குறிக்கும்; அது இருந்தால் டிரைவருக்குத் தெருப்பெயர்கூடத் தேவையில்லை.

எண்களை +44 என்று தொடங்கி எழுதுங்கள். இங்கத்திய கைபேசி எண்கள் 07 என்று தொடங்கும். வெளிநாட்டு சிம்மிலிருந்து அழைக்கும்போது முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு +447 என்று போட வேண்டும். பூஜ்யத்தோடு சேமித்து வைத்துவிட்டு, "போகவே மாட்டேன் என்கிறது" என்று பதறியவர்கள் பலர். வாட்ஸ்அப்பிலும் அதே வடிவில் சேமித்தால்தான் பெயர் தெரியும். ஹீத்ரோவில் வைஃபை இலவசம். கிளம்புவதற்கு முன்பு, பொது வைஃபையில் இணைவது எப்படி என்று ஊரிலேயே ஒரு முறை செய்துகாட்டுங்கள்.

மருந்துகளும் ஒரு ஸ்வெட்டரும் கைப்பையில் இருக்கட்டும். கார் நிறுத்துமிடம்வரை நடக்கும் சில நிமிடங்களில் ஜனவரிக் காற்று முகத்தில் அறையும். அந்த நேரத்தில் கட்டிய பெட்டியைத் திறக்க முடியாது.

தரை இறங்கிய பிறகு

விமானத்திலிருந்து இறங்கியதும் 'அரைவல்ஸ்' என்ற பலகையைப் பின்தொடருங்கள். வேறு விமானத்துக்கு மாறுபவர்களுக்கான 'கனெக்‌ஷன்ஸ்' வழி பிரியும் இடத்தில் கவனம் வேண்டும். கூட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டால் திரும்பி வருவது அலைச்சல். நடை நீளம். டெர்மினல் 2-இல் துணைக் கட்டடத்தில் விமானம் நின்றால் நீண்ட சுரங்கப்பாதையில் நகரும் நடைமேடைகள் வழியாக வர வேண்டும். டெர்மினல் 5-இல் துணைக் கட்டடங்களிலிருந்து முதன்மைக் கட்டடத்துக்குச் சிறிய ரயில் இருக்கிறது. கழிவறைக்கு இப்போதே போய்விடுங்கள். பாஸ்போர்ட் வரிசையில் நின்றபின் வெளியே வர மனம் வராது.

பாஸ்போர்ட் கூடத்தில் இரண்டு விதமான வழிகள். தானியங்கிக் கதவுகள் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென் கொரியா, சிங்கப்பூர் போன்ற சில நாட்டவர்களுக்கு மட்டும். சிங்கப்பூர்த் தமிழர்கள் நேராக அதற்குப் போகலாம். இந்தியா, இலங்கை, மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதிகாரி உட்கார்ந்திருக்கும் மேசைக்குத்தான் போக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு 2025 ஜனவரி 8 முதல் முன்கூட்டியே மின்பயண அனுமதியும் (ETA) தேவைப்படுகிறது. விமானம் ஏறும் இடத்திலேயே அதைப் பார்ப்பார்கள். முன்பு விமானத்தில் கொடுத்து நிரப்பச் சொன்ன அட்டையை 2019 மே மாதத்திலேயே நிறுத்திவிட்டார்கள். யாராவது பேனா கடன் கேட்டால் அதற்காக இருக்காது.

ஆசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இரவெல்லாம் பறந்து வரும் விமானங்கள் அதிகாலையில் அடுத்தடுத்து இறங்கும். அப்போதுதான் வரிசை மிக நீளம். ஒரு குடும்பம் சேர்ந்தே மேசைக்குப் போகலாம். தனித்தனியாகப் பிரிய வேண்டாம்.

அதிகாரி கேட்பது பெரும்பாலும் சில கேள்விகள்தாம். எதற்காக வருகிறீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், எத்தனை நாள், எப்போது திரும்புகிறீர்கள், செலவு யாருடையது. கேட்டதற்கு மட்டும், விசா விண்ணப்பத்தில் எழுதியது போலவே பதில் சொல்லச் சொல்லுங்கள். பேத்தி பிறந்திருக்கிறாள், பார்க்க வருகிறேன் என்றால் அதுவே போதும். "மகளுக்கு உதவி செய்ய" என்று சொன்னால் வேலைக்கு வருகிறாரோ என்ற கேள்வி எழ இடம் உண்டு. பார்க்க வருகிறவர் பார்க்க வருகிறேன் என்றே சொல்லட்டும். அழைப்புக் கடிதமும் திரும்பும் டிக்கெட்டின் நகலும் கையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. இந்தக் கூடத்தில் கைபேசி பயன்படுத்தக் கூடாது என்ற பலகைகள் இருக்கும். வரிசையில் நின்றபடி மகனுக்கு வீடியோ அழைப்பு வேண்டாம். வெளியே காத்திருக்கும் மகனும் இந்த ஒரு மணி நேரம் அழைத்துக்கொண்டே இருக்கக் கூடாது.

பெட்டியும் சுங்கமும்

திரையில் உங்கள் விமான எண்ணுக்கு எதிரே பெல்ட் எண் இருக்கும். டிராலி இலவசம், காசு போட வேண்டியதில்லை. பெட்டியில் சிவப்பு ரிப்பனோ பழைய புடவைத் துண்டோ கட்டியிருந்தால் தூரத்திலேயே தெரியும். அப்படியும் கைப்பிடியில் உள்ள சீட்டின் எண்ணைச் சரிபார்த்தே எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதே கடையில் அதே நிறத்தில்தான் பெட்டி வாங்கியிருப்பார்.

பெட்டி வரவில்லையா, உடைந்து வந்ததா? அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் மேசையில் எழுத்து மூலம் புகார் பதிந்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கதவைத் தாண்டிவிட்டால் திரும்ப உள்ளே போக முடியாது. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்து சேர்ந்த பெட்டிக்கு அது கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் கேட்டாக வேண்டும். டிரைவர் வெளியே காத்திருக்கிறார் என்பதால் இதை விட்டுவிட்டு ஓடி வராதீர்கள். அவருக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

சுங்கத்தில் பச்சை வழி, அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கு. சிவப்பு வழி, அறிவிக்க வேண்டியவர்களுக்கு. 10,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். நம்மவர்கள் சிக்குவது பணத்தில் அல்ல, சாப்பாட்டில். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. மட்டன் ஊறுகாய், கோழித் தொக்கு, பன்னீர், நெய், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். வீட்டில் உருக்கிய நெய்யை எவ்வளவு அன்போடு கட்டி அனுப்பினாலும் பிடித்தால் குப்பைக்குத்தான் போகும். அம்மாக்களிடம் இதைக் கிளம்புவதற்கு முந்தின நாள் அல்ல, ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். கருவாடும் மாசியும் மீன் வகை என்பதால் விதி வேறு, ஒருவருக்கு 20 கிலோ வரை அனுமதி. பருப்புப் பொடி, முறுக்கு, அப்பளம் போன்றவற்றுக்கு நான் பார்த்தவரையில் தொல்லை வந்ததில்லை.

கதவுக்கு வெளியே

சுங்கத்தைத் தாண்டியதும் ஒரு கதவு தானாகத் திறக்கும். எதிரே ஒரு தடுப்பு, அதன் மறுபக்கம் நாற்பது ஐம்பது பேர். பாதிப் பேர் கையில் பலகை, சிலர் கையில் ஒளிரும் திரை. எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். பத்து மணி நேரம் தூங்காமல் வந்தவருக்கு இது திகைப்பாக இருக்கும். பின்னால் ஆட்கள் டிராலியோடு வந்துகொண்டே இருப்பதால் நிற்கவும் முடியாது, பலகைகளைப் படிக்காமலே நடந்து போய்விடுவார்கள். அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே இப்படிச் செய்யச் சொல்லுங்கள். தடுப்பு முடியும் இடம்வரை மெதுவாக நடங்கள். கூட்டத்தைத் தாண்டியதும் ஓரமாக டிராலியை நிறுத்துங்கள். அங்கிருந்து திரும்பி, தடுப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒவ்வொரு பலகையாகப் படியுங்கள். கிடைக்கவில்லையென்றால் போன் செய்யுங்கள். கட்டடத்தை விட்டு வெளியே போகாதீர்கள், மாடி ஏறாதீர்கள், லிஃப்டில் நுழையாதீர்கள். நின்ற இடத்திலிருந்து கண்ணில் படும் ஒரு கடையின் பெயரைச் சொல்லி, "அதன் முன்னால் நிற்கிறேன், நீல நிறச் சேலை" என்று சொன்னால் டிரைவர் உங்களிடம் வருவார். தேடி அலைய வேண்டியது ஒருவர் மட்டும்தான். இருவரும் நகர்ந்தால் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள்.

டிரைவர் ஏன் உடனே வருவதில்லை என்று பலரும் கோபப்படுகிறார்கள். டெர்மினல் வாசலில் கார் நிறுத்திக் காத்திருக்க இங்கே அனுமதி கிடையாது. புறப்பாட்டு முகப்பு இறக்கிவிட மட்டும். அங்கே ஆளை ஏற்றிக்கொள்ளவும் கூடாது. உள்ளே நுழையும் ஒவ்வொரு காரின் எண்ணையும் காமிரா படம்பிடிக்கும். தனியார் வாடகைக் கார்கள் அவர்களுக்கென்று ஒதுக்கிய தனி இடத்தில் காத்திருந்து, அழைப்பு வந்ததும் குறுகிய நேர நிறுத்துமிடத்துக்கு வருகின்றன. அங்கிருந்து வர பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். எனவே போன் செய்த பிறகு வரும் ஏற்பாடு என்றால், பெட்டி கையில் வந்ததுமே செய்தி அனுப்புங்கள். அதற்கு முன்பு வேண்டாம். பெட்டி தாமதமானால் நிறுத்துமிடக் கட்டணம் ஏறும், அது யார் தலையில் விழும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்.

டிரைவரைக் கண்டதும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். "யாரை அழைத்துப்போக வந்திருக்கிறீர்கள், எங்கே போக வேண்டும்?" என்று கேளுங்கள். உண்மையான டிரைவருக்கு இரண்டும் தெரியும். லண்டனில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் டிரைவரின் பெயர், வண்டி எண் போன்ற விவரங்களை முன்பே செய்தியாக அனுப்பிவிடும். அதை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே வண்டி எண் பெரும்பாலும் இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மறுபடி மூன்று எழுத்து. முன்பக்கப் பலகை வெள்ளை, பின்பக்கப் பலகை மஞ்சள். கண்ணாடியில் லண்டன் போக்குவரத்து அமைப்பின் உரிம வில்லை ஒட்டியிருக்கும். லண்டனுக்கு வெளியே உரிமம் பெற்ற வண்டி என்றால் அந்த ஊர் மன்றத்தின் தகடு இருக்கும்.

"டாக்ஸி வேண்டுமா? மலிவாகப் போகலாம்" என்று யாராவது தாமே வந்து கேட்டால், அவர் தமிழிலேயே அன்பாகப் பேசினாலும் போகாதீர்கள். முன்பதிவு இல்லாமல் இப்படி ஆள் ஏற்றுவது இங்கே சட்டவிரோதம். அப்படிப் போகும்போது விபத்து நடந்தால் காப்பீடு செல்லாது. களைத்துப்போய்த் தனியாக நிற்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான் அவர்கள் வருவார்கள், எனக்கு இதில் மிகுந்த கோபம் உண்டு.

சக்கர நாற்காலி உதவி

நடக்க முடிந்தாலும், மொழி தெரியாத பெரியவருக்கு இந்த உதவியைக் கேட்பதில் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். ஹீத்ரோவின் நடைதூரத்தைப் பார்த்தால் முழங்கால் வலி உள்ள எவருக்கும் இது தேவைதான். கட்டணம் இல்லை. பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். உதவியாளர் பாஸ்போர்ட் மேசை, பெட்டி, சுங்கம் எல்லாவற்றையும் கடந்து வருகைக் கூடம்வரை கொண்டுவந்து விடுவார்.

கார் ஏற்பாடு செய்பவர்கள் இரண்டு விஷயத்தை நினைவில் வையுங்கள். சக்கர நாற்காலி கேட்டவர்கள் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறங்குவார்கள். காத்திருப்பு நேரத்தை அதற்கேற்பக் கூட்டிச் சொல்லுங்கள். இரண்டாவது, உதவியாளர் எந்த இடத்தில் விடுகிறாரோ அங்கேயே டிரைவர் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன தாளை உதவியாளரிடம் காட்டச் சொல்லுங்கள், பலரும் தங்கள் போனிலிருந்தே அழைத்துத் தருவதை நான் பார்த்திருக்கிறேன். காது கேளாமை, மறதி போன்ற வெளியே தெரியாத சிரமம் உள்ளவர்களுக்குச் சூரியகாந்திப் பூ போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை உண்டு. அதைப் பார்த்தால் ஊழியர்கள் பொறுமையாகப் பேசுவார்கள்.

உறவினரே காரில் வருவதானால்

குறுகிய நேர நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். சுற்றிக்கொண்டே இருந்து வாசலில் அள்ளிக்கொண்டு போகலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும், ஹீத்ரோ உட்பட, மாசுக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் வந்துவிட்டது. விதிக்குப் பொருந்தாத பழைய காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. பர்மிங்ஹாமிலிருந்தோ லெஸ்டரிலிருந்தோ பழைய டீசல் காரில் வருபவர்கள் வண்டி எண்ணை முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கார் வரவே இல்லையென்றால்

முதலில் டெர்மினலைச் சரிபாருங்கள். அவர் 2-இல் நிற்க நீங்கள் 3-இல் நிற்பது அடிக்கடி நடக்கும். பெட்டியோடு நீங்கள் போக வேண்டாம், காரில் வந்தவர் மாறி வரட்டும். போயே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், டெர்மினல்களுக்கு இடையே ரயிலில் கட்டணம் இல்லாமல் போகலாம்.

இருபது நிமிடம் தேடியும் நிறுவனம் போன் எடுக்கவில்லையென்றால் காத்திருப்பதை விடுங்கள். ஒவ்வொரு டெர்மினலின் வெளியிலும் கறுப்பு டாக்ஸிகளின் வரிசை இருக்கிறது. முன்பதிவு தேவையில்லை, மீட்டர் ஓடும், கார்டில் கட்டலாம், சக்கர நாற்காலியும் ஏறும். விலை அதிகம்தான், ஈஸ்ட் ஹாம்வரை போனால் மனம் வலிக்கும், லண்டனின் மறுகோடி அது. சவுத்தாலுக்கோ ஹேய்ஸுக்கோ என்றால் தூரம் குறைவு. பெட்டி சிறியது, உடல் தெம்பாக இருக்கிறது என்பவர்களுக்கு 2022-இல் தொடங்கிய எலிசபெத் லைன் ரயில் நல்லது. லண்டனின் நடுவே புகுந்து கிழக்குவரை போகும். ஈலிங்கில் உள்ளவர்களுக்கும் வழியிலேயே நிற்கும். ஆனால் முதல்முறை வரும் அம்மாவையோ அப்பாவையோ அதில் தனியாக ஏற்றிவிடச் சொல்லமாட்டேன். அவர்களைக் கறுப்பு டாக்ஸியில் ஏறச் சொல்லுங்கள். தாளில் உள்ள முகவரியை டிரைவரிடம் காட்டட்டும், பணத்தை நீங்கள் வீட்டு வாசலில் நின்று கொடுத்துவிடலாம்.